மருந்தில்லாத் தோட்டத்துக்கு அடித்த மருந்து

விவசாயப் போதனாசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஊக்கம் தரும்படி இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மிஸ் என்று கேட்டிருந்தார்கள். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. இளைப்பாறி லிங்கநகர் வீட்டில் இருந்துகொண்டு, பின்னேரங்களில் முற்றத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு, பழைய ஆட்களை நினைத்துத் தனியே சிரிக்கிற ஒருத்தியிடம் ஊக்கத்தைக் கேட்டால் நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது கதைதான். அதுவும் எங்கள் விவசாயக் கந்தோரில் மேசை போட்டு இருப்பவர்கள் சத்தம் போட்டு வாசிக்க விரும்பாத கதை. பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டு நல்ல விஷயம் எழுதியிருப்பவரைத் தேடிப் போங்கள், நான் கோபிக்கமாட்டேன்.

கதை கோவாவைப் பற்றியது, சில ஊர்களில் முட்டைக்கோஸ் என்பார்களே, அது. கோவாவை விட, அதைத் தின்னுகிற வைரமுதுகு அந்துப்பூச்சியைப் பற்றியது. பெயரைக் கேட்டால் நகைக்கடை ஞாபகம் வரும். நேரில் பார்த்தால் சட்டையில் ஒட்டிய தூசென்று தட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். இதனுடைய புழு, பச்சை நிறத்தில், நெல்மணியளவில், கோவா, முள்ளங்கி, நோக்கோல், கடுகு எதையும் விடாது. நாம் பட்டம் படித்து, பரீட்சை எழுதி, நேர்முகத்தில் நடுங்கி வேலைக்கு வருகிறோம். இது ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் கடையில் விற்கிற மருந்து எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்துப் பழகி, இப்போது எதை அடித்தாலும் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போகிறது.

நான் வேலைக்கு வந்த புதிதில் நிலாவெளிப் பக்கம் ஒரு கமக்காரர் ஓட்டை விழுந்த இலையொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கடையில் இருந்த போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரே டாங்கியில் கலந்து அடித்திருக்கிறார். ஒன்றுக்குக் கேளாவிட்டால் மற்றதுக்குக் கேட்கும்தானே என்பது அவருடைய கணக்கு. எனக்குப் புதுப் படிப்பு, புது மிடுக்கு. "ஐயா, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில இருக்கிற குளிசை எல்லாத்தையும் ஒண்டாய் விழுங்குவீங்களோ?" என்று கேட்டேன். "சில நேரம் விழுங்கிறனான்தான் மிஸ்" என்றார். அன்றோடு ஆட்களிடம் கேள்வி கேட்டுப் பாடம் படிப்பிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். நீங்கள் எதிர்பார்க்கிற பதிலை யாரும் தரமாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இளைப்பாறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்னர், குச்சவெளிப் பக்கத்தில் செல்வராணி என்றொரு பெண் கோவா செய்தா. ஊருக்கு ராணியக்கா. வெங்காயம் செய்துகொண்டிருந்த நிலம் அது. புருஷன் கடற்தொழில், வீட்டில் இருக்கிற நாளை விடக் கடலில் இருக்கிற நாள் கூட. தோட்டம் முழுக்க ராணியக்காவின் பொறுப்பு. மருந்து அடிக்காமல் கோவா செய்து பார்ப்போமா என்று நான் கேட்டபோது ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். ராணியக்காவும் சிரித்தா. சிரித்துவிட்டு, "சரி மிஸ், பாப்பம்" என்றா. அந்தப் "பாப்பம்" எனக்குப் பெரிய பரிசளிப்பு விழா மாதிரி இருந்தது.

செய்கிற முறையை நான் இங்கே விரிக்கவில்லை, உங்கள் பாடப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. இந்தப் புழுவுக்கு எதிரி ஒரு குட்டிக் குளவி. எறும்பை விடச் சின்னது. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று முடித்துவிட்டு வெளியே வரும். அந்தக் குளவி தோட்டத்தில் தங்கவேண்டுமென்றால் அதற்குத் தின்னக் கொஞ்சப் புழு இருந்தே ஆகவேண்டும். ஆகவே நல்ல தோட்டத்தில், வெளி இலைகளில் நாலு ஓட்டை இருக்கும், தொட்டால் நெளிந்து நூல் விட்டுத் தொங்குகிற புழுவும் இருக்கும். உள்ளே கோவா இறுக்கமாய், சுத்தமாய் இருக்கும். ராணியக்காவுக்கு இதை நான் ஒரு தரம்தான் சொன்னேன். கந்தோரில் எங்கள் பெரியவருக்கு எத்தனை தரம் சொன்னேனென்று கேட்காதீர்கள்.

ராணியக்கா வேலி வாசலில், கடப்புத் தடியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு ஊருக்குச் சொல்லிவிட்டா, இந்த வேலிக்குள் மருந்துப் போத்தல் வராது என்று. யாராவது மருந்து அடித்த கையோடு வந்தால்கூட கழுவிவிட்டு வாங்கோ என்பா. அந்தச் சொல்லை நம்பி நிலாவெளி ஹோட்டல் ஒன்று அவவின் கோவாவை வாங்கத் தொடங்கியது. அங்கே தலைமைச் சமையல்காரர் கிண்ணியாக்காரர் ஜெமீல் நானா, நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். வெளிநாட்டு ஆட்களுக்குப் பச்சைக் கோவாவைச் சீவிச் சலாது போடுகிறவர். சோதிக்க அவரிடம் கருவி ஒன்றும் இல்லை. "ராணித் தங்கச்சி அடிக்கல்ல எண்டா அடிக்கல்ல" என்பார், அவ்வளவுதான் பரிசோதனை. அந்த ஒரு சொல்லில்தான் முழு வியாபாரமும் நின்றது.

இந்த நல்ல செய்தி எங்கள் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல செய்தி கந்தோருக்குப் போனால் என்ன நடக்குமென்று போகப் போகக் கண்டுகொள்வீர்கள். விழா வைப்பார்கள்.

வயல் விழா என்று முடிவாயிற்று. பந்தல், ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, வாடகைக் கதிரை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம், மேலிடத்திலிருந்து பிரதம விருந்தினர். மத்தியானச் சாப்பாடு அந்தத் தோட்டத்துக் கோவாவில்தான் என்று ராணியக்கா ஆசைப்பட்டா. ஜெமீல் நானா ஹோட்டலில் லீவு எடுத்து, தானே வந்து சமைத்துத் தருகிறேன் என்றார். நிகழ்ச்சி நிரலில் பெரியவர் தன் கையால் ஒரு விஷயம் சேர்த்தார். பிரதம விருந்தினர் பாத்தியில் இறங்கி ஒரு கோவாவை வெட்டி, ஒரு இலையை உடைத்து, எல்லோர் முன்னாலும் பச்சையாகக் கடித்துச் சாப்பிடுவார். பிறகு நடனம் ஆடிய பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு துண்டு. படம் நன்றாக வரும் என்றார். எனக்கும் அந்த யோசனை பிடித்தது. பெரியவருக்கு வந்த நல்ல யோசனை அது ஒன்றுதான்.

பெரியவரைப் பற்றி ஒரு சொல். கெட்ட மனிதர் இல்லை. யாரிடமும் கை நீட்டாதவர், லீவு கேட்டால் முகம் சுளிக்காதவர். ஆனால் மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் மனிதர் தலைகீழாகிவிடுவார். கந்தோர்ச் சுவருக்கு வெள்ளை அடிப்பார், மரத்துக்கும் பாதிவரை வெள்ளை அடிப்பார், விட்டால் எங்களுக்கும் அடிப்பார்.

விழாவுக்கு முதல் நாள் அவர் தோட்டத்தைப் பார்க்க வந்தார். குனிந்தார். வெளி இலையில் ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் புழு. விரலால் தொட்டார், அது பின்பக்கமாய் நெளிந்து நூலில் தொங்கி ஆடிக் காட்டியது.

"மிஸ், இது என்ன?"

"புழு, சேர்."

"புழு எண்டு எனக்குத் தெரியுது. நாளைக்கு அவர் குனியிற நேரம் இது இப்பிடித் தொங்கி ஆடினால் நான் என்ன சொல்லுறது?"

"குளவிக்குச் சாப்பாடு எண்டு சொல்லுங்கோ சேர்."

"உங்கட குளவிக்குச் சாப்பாடு போடவோ மேலிடத்தில இருந்து ஆள் வருது?"

நான் திரும்பவும் குளவிப் பாடத்தைத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, "சரி மிஸ், நீங்கள் ரவுணுக்குப் போய் விழாவுக்குக் கட்டுற துணிப் பனரை எடுத்துக்கொண்டு நாளைக்கு விடிய வாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். ராணியக்காவை அயலட்டைக்குச் சொல்லிவிட்டு வரச்சொன்னார். எங்கள் இரண்டு பேரையும் அப்படி அக்கறையாக அனுப்பியபோது எனக்கு மூக்கு வியர்த்திருக்கவேண்டும். வியர்க்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில், மடியில் சுருட்டிய பனரோடு வந்து இறங்கினேன். தோட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கோவாப் பாத்தி வழியே வரிசையாக ஊதுபத்தி கொளுத்திக் குத்தியிருந்தது. பந்தலில் குத்தினால் சரி. பாத்தியில் எதற்கு? கோவாவுக்கு யாராவது பூசை செய்வார்களா?

ஊதுபத்தி வாசத்துக்குக் கீழே இன்னொரு வாசம் இருந்தது. இந்த வேலையில் முடியை நரைக்க வைத்தவர்களுக்கு அந்த வாசம் தெரியும். குனிந்து ஒரு இலையைத் திருப்பினேன். புழு நூலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஆடவில்லை. தொட்டேன். நெளியவில்லை. இலை நரம்பில் குட்டிக் குளவிகள் மிளகுத் தூள் சிந்தியதுபோலக் கிடந்தன. அடுத்த இலை, அதற்கடுத்த இலை, எல்லாம் அப்படித்தான். ஒரு பருவம் முழுக்க ஒருத்தி பொத்திப் பொத்திக் காத்தது, ஒரு பின்னேரத்தில் முடிந்திருந்தது.

கந்தோர்ச் சாரதி வாகனத்தின் ரயரைத் துடைத்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் இன்னும் கவனமாகத் துடைத்தான்.

"தம்பி, நேற்று இஞ்ச என்ன நடந்தது?"

"பெரியவர் சொன்னவர் மிஸ். கொஞ்சமாய் அடி எண்டு."

"கொஞ்சமாய் எண்டால்?"

"நான் முழுத் தோட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் அடிச்சனான்."

எந்த மருந்து என்று கேட்டேன். வாகனத்துக்குள்ளிருந்து போத்தலை எடுத்துக் காட்டினான், புழு இன்னும் குடித்துப் பழகாத புதுச் சரக்கு. கோபப்பட அவனிடம் ஒன்றும் இல்லை. சொன்னதைச் செய்தவன். கோபம் வந்த இடம் வேறு.

பெரியவர் பந்தலில் கதிரைகளை நேராக்கிக்கொண்டிருந்தார். நான் போத்தலைக் கையில் பிடித்தபடியே போய் முன்னால் நின்றேன்.

"மிஸ், உந்தப் போத்தலை உள்ளுக்கு வையுங்கோ, ஆக்கள் வரப்போகினம்."

"சேர், இந்த மருந்து அடிச்சால் கிழமைக்கணக்கில சாப்பிடக்கூடாது எண்டு போட்டிருக்கு."

"அது கமக்காரருக்கு எழுதினது."

நான் எத்தனையோ சுற்றறிக்கை வாசித்திருக்கிறேன். இப்படியொரு விளக்கம் எதிலும் வரவில்லை. சாப்பிடப்போவது யார், நடனமாடுகிற பிள்ளைகள் என்றேன். நன்றாய்க் கழுவச் சொல்லுங்கோ என்றார். சலாதும் இருக்கு என்றேன். அதையும் நன்றாய்க் கழுவச் சொல்லுங்கோ என்றார். பிரதம விருந்தினர் பச்சையாய்க் கடிக்கப் போறார் என்றேன். "ஒரு கடிதானே மிஸ்!" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதருக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. தான் செய்தது அவருக்குத் தெரியும். பின்னால் போக வழி தெரியாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். மேலதிகாரிமாரின் பிழைகளில் பாதி இந்த வகை. கெட்ட எண்ணம் இருக்காது, திரும்புகிற தைரியம் மட்டும் இருக்காது.

அவரோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று குசினிக்கொட்டிலுக்கு ஓடினேன். ஜெமீல் நானா விடியவே கோவா வெட்டி, பெரிய கிடாரம் நிறையத் தேங்காய்ப்பூப் போட்டு வதக்கிய வறை இறக்கிவிட்டு, சலாதுக்குச் சீவிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையை முகர்ந்து பார்த்தார். கிடாரத்தை மூடினார்.

"வறை கொட்டலாம், மிஸ். பருப்பிருக்கு, மீன் இருக்கு, அது பிரச்சினையில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நேத்து மட்டுந்தானா மிஸ்? இல்ல, ஒவ்வொரு முறையும் இப்பிடித்தானா?"

அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது. ராணியக்காவை இவ்வளவு நம்பிய மனிதர். அவருக்கே ஒரு நிமிஷத்தில் இந்தச் சந்தேகம் வருகிறதென்றால், மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? சாப்பாட்டை நாங்கள் சத்தமில்லாமல் கொட்டிவிடலாம். ஆனால் கதை சத்தமில்லாமல் இருக்காது. ஏன் கோவா வைக்கவில்லை என்று கேட்பார்கள், யாரோ காதில் சொல்வான், பின்னேரத்துக்குள் கடற்கரை முழுக்கப் பரவிவிடும்: ராணி மருந்து அடிக்கிறவ, வெள்ளைத் துணி சும்மா நடிப்பு. எங்கள் கந்தோரின் பெயர் அந்தக் கதையில் வராது. கந்தோரின் பெயர் அப்படியான கதைகளில் ஒருபோதும் வருவதில்லை.

"நேற்று மட்டும்தான் நானா. ராணியக்கா நேற்று இருட்டினாப் பிறகுதான் திரும்பினவ, விடிய விருந்தினரை எதிர்கொள்ளச் சந்திக்குக் கூட்டிப்போட்டினம், அவவுக்கு இன்னும் தெரியாது" என்றேன். அவர் என்னையே பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று விளங்கவில்லை.

அதற்குள் வாகனங்கள் வந்துவிட்டன. மேளம் அடித்தது. ராணியக்காவை மேடையில் பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் இருத்தி மாலையும் போட்டுவிட்டார்கள். ஊதாச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கூச்சத்தில் கால் விரலால் நிலத்தைக் கிளறிக்கொண்டு இருந்தா. நான் மேடைக்குப் பக்கத்தால் ஏறப் போனேன். பெரியவர் குறுக்கே வந்து, "மிஸ், விளக்கேத்திற நேரம்" என்றார். விளக்கேற்றினார்கள். பிள்ளைகள் ஆடினார்கள். பெரியவர் வரவேற்புரையில் நஞ்சில்லா உணவு என்று தொண்டை கிழியப் பேசினார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிரதம விருந்தினர் பாத்தியில் இறங்கினார். வெட்டினார். கைதட்டினார்கள். இலையை உடைத்தார். படம் எடுக்கிறவர்கள் முன்னால் குந்திக்கொண்டார்கள். பிள்ளைகள் தங்கள் துண்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் யோசிப்பதற்குக் கிடைத்த நேரம், ஒரு இலை கையிலிருந்து வாய்க்குப் போகிற நேரம்தான்.

புழு இருக்கு, சாப்பிடாதேங்கோ என்று கத்தலாம். அவர் இலையைப் போட்டுவிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள், பெரியவர் தப்புவார், மருந்து அடித்த கோவா சந்தைக்குப் போகும். மருந்து இருக்கு என்று மட்டும் கத்தினால் ராணியக்கா முடிந்தா. யார் அடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இரண்டு பக்கமும் சரிவரும். அப்படிச் சொன்னால் என் கதை என்ன ஆகும் என்பதையும் யோசித்தேன், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். இளைப்பாற இருந்தது கொஞ்சக் காலம்தான். அது தைரியம் தந்தது. உங்களுக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது, அதனால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கைப் பறித்தேன்.

"சேர், சாப்பிடாதேங்கோ! பிள்ளையள், ஒருதரும் சாப்பிடக்கூடாது! நேற்றுப் பின்னேரம் எங்கட கந்தோர் வாகனம் வந்து இந்தத் தோட்டத்துக்கு மருந்து அடிச்சிருக்கு. பெரியவர் சொல்லித்தான் அடிச்சது. செல்வராணிக்கு ஒண்டும் தெரியாது. அவ ஒரு நாளும் அடிச்சதில்லை!"

ஒலிபெருக்கி நல்லது. குச்சவெளிச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். பிரதம விருந்தினர் இலையை வாய்க்கு முன்னால் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு அதை எங்கே போடுவதென்று தெரியாமல் பெரியவரிடம் நீட்டினார். பெரியவரும் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாட்டுப் போடுகிற பெடியன் பயத்தில் எதையோ அழுத்த, வரவேற்புப் பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிட்டது. அந்தப் பாட்டை நிறுத்தும்வரை ஒருவரும் அசையவில்லை.

ராணியக்கா மேடையிலிருந்து இறங்கினா. யாரையும் பார்க்கவில்லை. மாலையோடு பாத்திக்குள் போய், ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தா. இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தா. எழும்பிப் பெரியவருக்கு முன்னால் வந்து நின்றா.

"ஐயா, என்ர வேலிக்குள்ள ஆரைக் கேட்டு வந்தனீங்கள்?"

"அக்கா, உங்கட நன்மைக்குத்தான்..."

"நன்மைக்கு வாறாக்கள் சொல்லிப்போட்டெல்லோ வருவினம்."

பிரதம விருந்தினருக்குத் திடீரென்று வேறொரு கூட்டம் ஞாபகம் வந்தது. வாகனங்கள் வந்த வேகத்தை விட வேகமாய்ப் போயின. வறை கொட்டுப்பட்டது. பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் மீனும் போட்டோம். பிள்ளைகளுக்கு அதுதான் சந்தோஷம், கோவாவை யாருக்குப் பிடிக்கும்?

ஜெமீல் நானா கையைக் கழுவிக்கொண்டு ராணியக்காவிடம் வந்தார். அவர் வாயைத் திறக்க முன்னர் ராணியக்கா சொன்னா: "நானா, இதில ஒரு கோவாவும் நான் உங்களுக்குத் தரமாட்டன். ஒருதருக்கும் தரமாட்டன்."

அறுவடைக்கு நின்றதை எல்லாம் வெட்டி, குழி தோண்டிய கிடங்கில் போட்டு மண்ணால் மூடினா. பிந்தி நட்ட சின்னக் கன்றுகளை மட்டும் விட்டுவைத்தா. அதுவும் நிலைக்கவில்லை. மருந்தின் வேகம் அடங்கியதும், குளவி செத்த தோட்டத்துக்கு அயல் தோட்டங்களிலிருந்து அந்து வந்தது, கேட்பாரில்லாமல் முட்டையிட்டது, கொஞ்ச நாளில் கன்றெல்லாம் நரம்பு மட்டும் மிஞ்சிய விசிறிகளாய் நின்றன. சாரதி அடித்த மருந்து அந்தப் பூச்சிக்குச் செய்த உதவியை வேறு யாரும் செய்ததில்லை.

ராணியக்கா எனக்கு நன்றி சொல்லியிருப்பா என்று நினைக்கிறீர்களா? கிழித்துத் தோரணம் கட்டினா. "ஊருக்கு மைக்கில சொல்ல முதல் எனக்கெல்லோ சொல்லியிருக்கோணும் மிஸ். என்ர தோட்டம், என்ர பேர். நான் ஏன் கடைசியாய்க் கேட்கோணும்?" என்றா. மேடைக்கு ஏற விடவில்லை, நேரம் இருக்கவில்லை என்றேன். "கீழ நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்" என்றா. விழா குழம்பியிருக்கும் என்றேன். "இப்ப குழம்பேல்லையோ?" என்றா. இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் நான் சொல்கிறேன், அவ பிழை என்றுதான் சொல்கிறா. இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துவரப் போவதில்லை. ஆனால் நீங்கள் இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டத்தில் ஏதாவது நடந்தால் நம்முடைய கால் தானாகவே பெரியவர் இருக்கிற பக்கம் போகும். தோட்டக்காரர் இருக்கிற பக்கம் திருப்புவதற்குக் கொஞ்சம் பலம் பிடிக்கும்.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு ஈச்சிலம்பற்றுக்கு இடமாற்றம் வந்தது. நெல் செய்கிற ஊர், கோவாவை மருந்துக்கும் காணமுடியாது. என்னைப் பூச்சியிடமிருந்து காப்பாற்ற அனுப்பினார்களா, பூச்சியை என்னிடமிருந்து காப்பாற்ற அனுப்பினார்களா தெரியாது. அங்கே வயல் வரம்பில் நடந்து நன்றாக மெலிந்தேன். டொக்டர் என்னைப் பாராட்டினார்.

அடுத்த பருவம் முடிகிற நேரம் ராணியக்காவின் டெலிபோன் கோல் வந்தது. கோபம் இன்னும் குரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"மிஸ், நாளையிண்டைக்கு வயல் விழா. நான்தான் வைக்கிறன். வாறதெண்டால் வாங்கோ."

"பிரதம விருந்தினர் ஆர்?"

"கோவா."

லீவு போட்டுவிட்டுப் போனேன். பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆனால் கடப்படியில் சனம் வரிசையாய் நின்றது, அயலூர்க் கமக்காரர், பெண்கள், ஒரு வருஷத்துக்கு முன்னர் சிரித்த அதே ஆட்கள். உள்ளே ஜெமீல் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கையாலேயே கோவா வெட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பருவம் முழுவதையும் கிடங்கில் போட்டு மூடியவ, இந்த வேலிக்குள் மருந்து வராது என்ற தன் சொல்லை அப்படித்தான் மீட்டிருக்கிறா.

கடப்படியில் ராணியக்கா நின்றா. பழைய சேலை, கையில் மண். என்னைக் கண்டு சிரித்தா, ஆனால் வழி விடவில்லை.

"பையைத் திறவுங்கோ மிஸ்."

"என்ன ராணியக்கா?"

"கந்தோரில இருந்து ஆர் வந்தாலும் பையைத் திறந்து காட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு விடுவன். உங்களுக்கெண்டு வேற சட்டம் இல்லை."

வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. இத்தனை வருஷம் இந்தக் கரையோரம் முழுக்க மிஸ், மிஸ் என்று கதிரை போட்டு இருத்திய சனம். ஒரு கணம் சுருக்கென்றது, அதை மறைக்கமாட்டேன். பிறகு பையைத் திறந்தேன். குடை, கண்ணாடி, பிரஷர் குளிசை, பஸ்ஸில் பாதி தின்ற பணிஸ். ஊர்ப் பெண்கள் பணிஸைப் பார்த்துச் சிரித்தார்கள். ராணியக்கா குடையை எடுத்து உதறிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தா.

"போங்கோ மிஸ்."

நான் உள்ளே காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பெரியவர் நின்றார். மேலிடத்தில் இந்தத் தோட்டத்தின் படம் கேட்டிருக்கிறார்களாம். வாகனத்தைத் தெருவிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். ராணியக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றா. அவர் தோளிலிருந்து பையைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் நன்றாய் விரித்து, அவவுக்கு முன்னால் பிடித்தார். ராணியக்கா அடிவரைக்கும் கை விட்டுத் தேடிப் பார்த்தா, என்னுடையதை விட நிறைய நேரம். அவர் அதுவரைக்கும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கோ ஐயா" என்றா.